கை மறுசீரமைப்பு அறுவைக்குப் பிறகு விடாமல் தொடரும் தசைவலி: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

மாறுபட்ட கையோடு பிறந்து சிறுவயதில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கை கடுக்கத் தொடங்கும். உடனே பலரும் வாங்குவது ஒரு ரப்பர் பந்து. நானும் வாங்கினேன். மூன்று வாரம் விடாமல் அமுக்கியதில், மணிக்கட்டில் இருந்த வலி முழங்கைக்கு ஏறியதுதான் மிச்சம். இந்த வழிகாட்டியில் பந்து எட்டாம் படியில்தான் வருகிறது. சிலருக்கு வரவே வராது.

புண் முழுதாக ஆறி, கையை வழக்கம்போலப் பயன்படுத்தலாம் என்று மருத்துவர் சொல்லி, அதன் பிறகும் மூன்று மாதத்துக்கு மேலாக வலி நீடிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒட்டிய விரல்களைப் பிரித்தது, ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலாக மாற்றியது, கால்விரலைக் கைக்கு மாற்றியது, வளைந்த மணிக்கட்டை நேராக்கியது என எந்த அறுவையானாலும் படிகளின் வரிசை ஒன்றுதான். அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள் இதை ஓரமாக வைத்துவிட்டு, அறுவை நிபுணர் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அறுவைக் குறிப்பு. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட்ஸ் வேண்டும். எந்தத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எங்கிருந்து எங்கே மாற்றப்பட்டது, எந்த மூட்டு அசையாமல் இணைக்கப்பட்டது, உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த ஒட்டுத்தோல் எங்கே வைக்கப்பட்டது, உள்ளே கம்பியோ தகடோ இருக்கிறதா என்ற நான்கையும் அதில் தேடுங்கள். பழைய காகிதம் கிடைக்காவிட்டால் கை அறுவை நிபுணர் ஒருவர் எக்ஸ்ரேயையும் கையையும் பார்த்து இதில் பெரும்பகுதியைச் சொல்லிவிடுவார்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், மாற்றியமைத்த கையில் வலி தெரியும் இடமும் வேலை நடக்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. மோதிரவிரலை மடக்கும் தசைநாண்களில் ஒன்றைக் கட்டைவிரலுக்கு மாற்றியிருந்தால், கட்டைவிரலை அதிகம் பயன்படுத்திய நாளில் முன்கை கடுக்கும். அந்தத் தசையின் சதைப்பகுதி முன்கையில்தான் இருக்கிறது. ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலாக்கியவர்களின் கதை வேறு. முன்பு ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டிருந்த மெல்லிய தசைகளே இப்போது பிடிக்கும் வேலை முழுவதையும் சுமக்கின்றன. மற்றவர்களின் கட்டைவிரல் அடியில் இருக்கும் தடித்த சதைமேடு இவர்களுக்கு இருக்காது, இருந்தாலும் சிறியது. சீக்கிரம் களைப்பதில் வியப்பில்லை. இது தெரியாமல் வலிக்கிற இடத்தை மட்டும் பிசைந்துகொண்டிருந்தால் பலன் வராது.

மற்றபடி ஒரு நோட்டு, அலாரம் அடிக்கும் கடிகாரம், காணொளி எடுக்கக் கைபேசி, மணமில்லாத ஈரப்பத க்ரீம் போதும். கை சிகிச்சையில் பழகிய பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை இரண்டு மூன்று முறையாவது பார்க்க வழி செய்துகொள்ளுங்கள். ஏழாம், எட்டாம் படிகளை அவர் ஒருமுறை கண்ணால் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

1. ஆபத்தான வலியை முதலில் பிரித்தெடுங்கள்

கை சிவந்து வீங்கிக் காய்ச்சல் அடிப்பது, விரல் வெளுத்தோ நீலம்பாரித்தோ சில்லிட்டுப்போவது, நேற்றுவரை மடங்கிய விரல் இன்று மடங்காமல் போவது, புதிதாக மரத்துப்போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். விரல் திடீரென இயங்காமல் போனால் தசைநாண் அறுந்திருக்கலாம். கைவலியோடு நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் அதைக் கைப்பிரச்சினையாகவே நினைக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்றும் உண்டு. சட்டைத் துணி உரசினாலே தாங்காத வலி, கையின் நிறமும் சூடும் வியர்வையும் மறுகையிலிருந்து மாறித் தெரிவது, வீக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால் அது சிஆர்பிஎஸ் எனப்படும் நரம்புசார் வலிநோயாக இருக்கலாம். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் நல்லது. ஆகையால் கீழுள்ள படிகளில் நாட்களைக் கழிக்காதீர்கள்.

2. இது தசைவலிதானா என்று பாருங்கள்

தசைவலி கடுப்பாகவோ உளைச்சலாகவோ இருக்கும். வேலை செய்யச் செய்யக் கூடும். ஓய்விலும் வெதுவெதுப்பிலும் தணியும். தசையை அழுத்தினால் 'ஆமாம், இதேதான்' என்று சொல்லத் தோன்றும்.

நரம்புவலி வேறு மாதிரி. எரியும், குறுகுறுக்கும், தழும்பின் ஓரிடத்தில் விரல்நுனியால் தட்டினால் சுரீரென்று ஓடும். அங்கே நரம்பு முனையில் முடிச்சு விழுந்திருக்கலாம். மூட்டுவலியோ காலையில் விறைப்போடு வரும், ஒரு குறிப்பிட்ட அசைவில் மட்டும் குத்தும், சில சமயம் உள்ளே நறநறக்கும்.

மூன்றும் கலந்தும் இருக்கலாம். அப்படியானால் நரம்பையும் மூட்டையும் மருத்துவரிடம் விட்டுவிட்டுத் தசையின் பங்கை மட்டும் நீங்கள் கவனியுங்கள். புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, நரம்பு முடிச்சைத் தசைப்பிடிப்பு என்று எண்ணி அழுத்தித் தேய்ப்பது. தேய்க்கத் தேய்க்க அது சீறும்.

3. இரண்டு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

செய்த வேலை, வலி தொடங்க எத்தனை நிமிடம் ஆனது, உச்சத்தில் 10-க்கு எவ்வளவு, தணிய எவ்வளவு நேரம் பிடித்தது, முந்தைய இரவு எப்படித் தூங்கினீர்கள் என்று ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். வலி தணிய எடுக்கும் நேரத்தைத்தான் எல்லோரும் எழுத மறப்பார்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுவே அதிகம் சொல்லிக்கொடுத்தது. பத்து நிமிடத்தில் தணியும் 6-ஐவிட, மறுநாள் மதியம்வரை இழுக்கும் 4 மோசமானது.

நல்ல நாட்களையும் எழுதுங்கள். மோசமான நாளை மட்டும் எழுதினால் அதற்கு முந்தைய நாள் என்ன செய்தீர்கள் என்பது பதிவாகாமல் போகும். தசைவலி பெரும்பாலும் ஒருநாள் தாமதமாக வரும். செவ்வாய்க்கிழமை வலிக்குக் காரணம் திங்கட்கிழமைப் பக்கத்தில் இருக்கும். தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் அதே வேலை அதிகமாக வலிப்பதையும் அந்த நோட்டிலேயே பார்ப்பீர்கள்.

4. உங்களை நீங்களே படமெடுத்துப் பாருங்கள்

கைபேசியை இடுப்பு முதல் தலைவரை தெரியுமாறு நிறுத்தி, அதிகம் வலிக்கும் வேலையைப் பத்து நிமிடம் செய்யுங்கள். பிறகு ஒலியில்லாமல் ஓட்டிப் பாருங்கள். கையைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள்.

விரல் செய்ய முடியாததை மணிக்கட்டு செய்கிறது. மணிக்கட்டு முடியாததை முழங்கையும் தோளும் செய்கின்றன. பிறந்ததிலிருந்தே இப்படிப் பழகியதால் நமக்கு அது உறைப்பதே இல்லை. எழுதும்போது தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், முழங்கை உடம்பைவிட்டு விலகி நிற்கும், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். என் முதல் காணொளியில் வலது தோள் இடதைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. அதுவரை கை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்குக் கழுத்தடித் தசையைத் தொட்டுப் பார்க்கவே அன்றுதான் தோன்றியது.

போலந்து சிண்ட்ரோம் உள்ளவர்கள் இந்தப் படியில் கூடுதலாகக் கவனம் வையுங்கள். கை சிறுத்திருப்பதோடு அதே பக்க மார்புத்தசையின் ஒரு பகுதியும் அவர்களுக்கு இல்லாமலிருக்கும். தோளுக்கும் முதுகுக்கும் சுமை கூடுவது அதனாலேயே.

மறுகையையும் விட்டுவிடாதீர்கள். 'நல்ல கை' என்று அதன் தலையிலேயே எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். முப்பது வயதைத் தாண்டும்போது முதலில் முறையிடுவது பல நேரம் அந்தக் கைதான்.

5. வலியைப் பார்த்து அல்ல, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்பவர் இதைச் செய்யட்டும்.

நம்மில் பெரும்பாலானவர்களின் வழக்கம் இதுதான். நல்ல நாளில் தேங்கிய வேலையை எல்லாம் முடித்துவிடுகிறோம். அடுத்த இரண்டு நாள் கையைத் தூக்க முடிவதில்லை. ஓய்வெடுத்ததும் மறுபடி நல்ல நாள் வருகிறது, மறுபடி எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் தசை கொஞ்சம் பலவீனமாகிறது, நரம்பு மண்டலமோ சிறு சுமையைக்கூட ஆபத்தாகக் கருதப் பழகுகிறது. நாள்பட்ட வலியில் திசு சேதமடையாதபோதும் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கும். அந்த மணி அடிக்கும்முன் நிறுத்த வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு வேலையை மூன்று வெவ்வேறு நாளில் செய்து, வலி கூடத் தொடங்கும் நேரத்தைக் குறியுங்கள். எழுதும்போது 18, 25, 14 நிமிடம் என்று வந்தால் சராசரி 19. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 15 நிமிடம்தான் உங்கள் தொடக்க அளவு. 15 நிமிடத்தில் அலாரம் அடித்ததும் நிறுத்துங்கள். வலி இல்லாவிட்டாலும் நிறுத்துங்கள். வலி இல்லாத நிலையில் நிறுத்துவதுதான் இந்தப் படியே. மூன்று முதல் ஐந்து நிமிடம் கையை மடியில் கிடத்திவிட்டுத் திரும்பத் தொடங்கலாம்.

ஓய்வு என்று கைபேசியை எடுத்துவிடாதீர்கள். கட்டைவிரலுக்கு அது ஓய்வே இல்லை. நான் பார்த்தவர்களில் பாதிப்பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

ஒரு வாரம் நிலையாக இருந்தால் மட்டும் பத்தில் ஒரு பங்கு ஏற்றுங்கள். 15 நிமிடம் 30 ஆவதற்கு ஏழெட்டு வாரம் பிடிக்கும். நல்ல நாளில் 40 நிமிடம் செய்து பார்க்கும் ஆசை வரும். மோசமான நாளில் முழுதாக விட்டுவிடும் ஆசை வரும். இரண்டு நாளும் அதே அளவுதான்.

6. கையை மாற்றும் முன் பொருளை மாற்றுங்கள்

பேனா, சீப்பு, கரண்டி, கத்தி என எல்லாவற்றின் பிடியையும் ஸ்பாஞ்ச் குழாய் செருகித் தடிமனாக்குங்கள். பிடி தடித்தால் விரல் முழுதாக மடங்க வேண்டியதில்லை, தொடும் பரப்பு கூடுகிறது, அதே பிடிமானத்துக்குக் குறைந்த பலம் போதும். விரல்நுனியால் கிள்ளிப் பிடிப்பதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். நுனியில் கொடுக்கும் சிறு அழுத்தம் கட்டைவிரலின் அடிமூட்டுக்குப் பல மடங்காகப் போய்ச் சேர்கிறது.

பையை விரலில் தொங்கவிடாமல் முன்கையிலோ தோளிலோ மாட்டுங்கள். குரல்வழித் தட்டச்சைப் பழகிக்கொள்ளுங்கள். கைபேசியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அவ்வளவுதான். 'இதெல்லாம் தோல்வியை ஒப்புக்கொள்வது மாதிரி' என்று எண்ணிப் பல பேர் இந்தப் படியைத் தாண்டிப்போகிறார்கள். நான் நான்கு ஆண்டு தாண்டினேன்.

7. இளக்குவது: சூடு, தழும்பு, நீட்டல், இதே வரிசையில்

முதலில் வெதுவெதுப்பு. 10 முதல் 15 நிமிடம் வெந்நீரிலோ சூடான ஈரத்துண்டிலோ கையை வையுங்கள். இளகிய திசுவை நீட்டுவது எளிது, வலியும் குறைவு. ஆனால் ஒட்டுத்தோலிலும் மாற்றிவைத்த விரலிலும் சூட்டுணர்வு மங்கலாக இருக்கலாம். உணர்வுள்ள மறுகையாலோ முழங்கையாலோ சூட்டைப் பார்த்த பிறகே கையை வையுங்கள். கொப்புளம் வந்த பிறகு சூடு தெரிந்தவர்களை நான் அறிவேன். ஐஸ் கட்டியைப் பொறுத்தவரை, மாற்றிவைத்த விரல்களும் நரம்பு தைத்த விரல்களும் குளிரைத் தாங்குவதில்லை. கால்விரலைக் கைக்கு மாற்றியவர்கள் அறுவை நிபுணரைக் கேட்காமல் ஐஸ் வைக்க வேண்டாம். குளிர்நேரத்தில் கையுறை போட்டாலே சிலருக்கு வலியில் கணிசமான பங்கு போய்விடும்.

அடுத்தது தழும்பு. தழும்பு அடியிலுள்ள தசைநாணோடு ஒட்டிக்கொண்டால், ஒவ்வொரு அசைவிலும் தசை தோலையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். க்ரீம் தடவி, தழும்பின் நிறம் சற்று வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, வட்டமாகவும் தழும்புக்குக் குறுக்காகவும் நகர்த்துங்கள். விரல் தோலின்மேல் வழுக்கக் கூடாது, தோல் விரலோடு சேர்ந்து நகர வேண்டும். ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. ஒட்டுத்தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைவு என்பதால் க்ரீமைத் தனியாகவும் தினமும் தடவுங்கள். பழைய தழும்பு புதியதுபோல மாறாது, ஆனாலும் இறுக்கம் தளரும்.

பிறகு நீட்டல். மெதுவாக நீட்டி 20 முதல் 30 விநாடி நிறுத்துங்கள். இழுவை தெரியலாம், வலிக்கக் கூடாது. முன்கையின் உள்பக்கம், வெளிப்பக்கம், மார்பின் முன்புறம், கழுத்தின் பக்கம் என்று நான்கு இடம் போதும். அசையாமல் இணைத்த மூட்டையும், இடம் மாற்றிய தசைநாண் தாண்டிச்செல்லும் மூட்டையும் மறுகையால் வலிந்து வளைக்காதீர்கள். பொதுவான மணிக்கட்டுப் பயிற்சிக் காணொளிகள் சாதாரண உடலமைப்பை வைத்து எடுத்தவை. மணிக்கட்டை நேராக்கிய கைக்கு அவற்றில் பாதி பொருந்தாது. அறுவைக் குறிப்பை முதலில் கேட்டதற்கு இதுவும் காரணம்.

8. பலமூட்டுவது: தோளிலிருந்து கீழ்நோக்கி

ஐந்தாம் படியில் குறைந்தது மூன்று வாரம் நிலையாக இருந்த பிறகே இதற்கு வாருங்கள்.

முதலில் தோள்பட்டை. இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் சேர்த்துக் கீழே இறக்கி ஐந்து விநாடி நிறுத்துங்கள், பத்து முறை. தோள் ஊன்றி நின்றால் கைக்கு வேலை எளிதாகும். இரண்டு வாரம் கழித்து முன்கை: மணிக்கட்டு அசையாமல், மறுகையின் தடுப்புக்கு எதிராக மெல்ல அழுத்தி 30 விநாடி. அசைவில்லாத இந்த அழுத்தம் மூட்டைத் தொந்தரவு செய்யாமல் தசைக்கு வேலை கொடுக்கும்.

கடைசியாகத்தான் பிடி. பந்தைவிட மென்மையான தெரபி புட்டி (கைப் பயிற்சிக்கென விற்கும், பிசைந்த மாவு போன்ற பொருள்) நல்லது, எதிர்ப்பைச் சிறிது சிறிதாக ஏற்றலாம். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். இடைப்பட்ட நாளில்தான் தசை தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

அளவுகோல் இது: பயிற்சியில் வலி பத்துப் புள்ளி அளவில் 2 புள்ளிக்கு மேல் கூடக் கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் பாதியாகக் குறையுங்கள். மறுகையின் பலத்தை இலக்காக வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் தசைகளின் எண்ணிக்கையும் அளவும் வேறு. மாற்றியமைத்த கட்டைவிரல் எத்தனை பயிற்சி செய்தாலும் இயல்பான கட்டைவிரலின் பலத்தை எட்டுவது அரிது. சட்டைப் பொத்தானை வலியில்லாமல் போடுவது நல்ல இலக்கு.

9. ஸ்ப்ளிண்ட்

ஸ்ப்ளிண்ட் என்பது கையை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும் கட்டு. வேலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று தெரபிஸ்ட் செய்துதரலாம். நாள் முழுக்க மாட்டிக்கொண்டால் தசை மெலியும், கழற்றியதும் வலி கூடும். கழற்றி அரைமணிக்குப் பிறகும் சிவந்த தடம் மறையாவிட்டால் அது அழுத்துகிறது, திருத்தச் சொல்லுங்கள். உணர்வு குறைந்த தோலில் புண்ணே வந்தாலும் தெரியாது. வளரும் பிள்ளைகளுக்கு அடிக்கடி அளவு பார்க்க வேண்டும்.

10. மருந்து

பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. உடல் எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதால் அதையும் கணக்கில் சேருங்கள். டைக்ளோஃபினாக் ஜெல் தோலுக்கு அருகிலுள்ள வலிக்கு உதவலாம், ஆறாத புண்ணின்மேல் தடவக் கூடாது.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளுக்கு முன் ஒரு கேள்வி. உங்களுக்கு முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு வளராமல் இருந்ததா? அந்தக் குறைபாடு சிலருக்குத் தனியாக வராது. வாக்டெர்ல் எனப்படும் பிறவிக் குறைபாடுகளின் தொகுதியில் சிறுநீரகமும் இதயமும், ஹோல்ட்-ஓரம் சிண்ட்ரோமில் இதயமும், டார் சிண்ட்ரோமில் இரத்தத் தட்டணுக்களும், ஃபேன்கோனி இரத்தசோகையில் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்து பாதிக்கப்படும். இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் தட்டணுக்களின் வேலையையும் தொடுபவை. சிறுவயதில் இவற்றைப் பரிசோதித்தார்களா என்று வீட்டில் கேளுங்கள், மருந்து எழுதும் மருத்துவரிடமும் நீங்களே சொல்லுங்கள். தோள்வலிக்கு மாத்திரை கேட்டு வருபவரின் சிறுநீரகத்தைப் பற்றி மருத்துவருக்குத் தோன்றாமல் போகலாம்.

நரம்புவலி கலந்திருந்தால் அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவற்றை மருத்துவர் தரலாம். அவை வேலைசெய்யச் சில வாரம் ஆகும், திடீரென நிறுத்தக் கூடாது. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகள் நாள்பட்ட தசைவலிக்கு ஏற்றவை அல்ல.

11. வலி சீறும் நாளுக்கு முன்பே எழுதிவையுங்கள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வலி சீறும் நாள் வரும். அந்த நாளில் யோசிக்க முடியாது, அதனால் நல்ல நாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என்னுடையது: எல்லா வேலையும் பாதி நேரம், இரண்டு நாளுக்கு. புட்டி இல்லை. காலையும் மாலையும் வெந்நீர். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கையை வலியில்லாத தூரம்வரை ஐந்து முறை மடக்கி நீட்டல். மூன்றாம் நாள் முக்கால் பங்கு, ஐந்தாம் நாள் பழைய அளவு.

முழு ஓய்வு இதில் இல்லை. இரண்டு நாள் அசையாத கை மூன்றாம் நாள் விறைத்துக்கொள்ளும், அந்த விறைப்பே புது வலியாகும்.

12. பிள்ளைகளுக்கு

சிறு பிள்ளை வலிக்கிறது என்று சொல்லாது. அந்தக் கையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடும். இதுவரை இரு கையாலும் எடுத்த பொருளை ஒரு கையால் எடுக்கிறதா என்று பாருங்கள். எண்ணுக்குப் பதில் முகப்படங்களைக் காட்டிக் கேளுங்கள். திடீரென உயரம் கூடும் பருவத்தில் எலும்பு நீளும் வேகத்துக்குத் தழும்பு ஈடுகொடுக்காது. வலியோடு விரலும் வளையத் தொடங்கினால் அறுவை நிபுணரைப் பாருங்கள்.

பள்ளியில் எழுதும் நேரம் கூடும் வகுப்புகளில்தான் வலி பெரும்பாலும் தொடங்குகிறது. தேர்வுக்குக் கூடுதல் நேரமும் இடைவேளையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம்.

13. திரும்ப எப்போது மருத்துவரிடம்

எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நோட்டில் எதுவும் மாறவில்லை, இரவில் வலி எழுப்புகிறது, பொருட்கள் கைநழுவுவது கூடுகிறது, மரத்துப்போகும் இடம் பரவுகிறது என்றால் போங்கள். 'வலிக்கிறது' என்று மட்டும் சொன்னால் ஐந்து நிமிடத்தில் மாத்திரைச் சீட்டோடு வெளியே வருவீர்கள். நோட்டின் இரண்டு பக்கம், தோளைக் காட்டும் காணொளி, அறுவைக் குறிப்பின் நகல் மூன்றையும் கொண்டுபோய், காணொளியை முதலில் காட்டுங்கள்.